பழைய கணினியின் வன்தட்டு மக்கர் செய்யும்போது: எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த ஒரு மேசைக் கணினி, ஒருநாள் கறுப்புத் திரையில் ஒற்றை வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டால், பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அல்லது கைக்குக் கிடைத்த சிடியைச் செருகி விண்டோஸை மறுபடி நிறுவத் தொடங்குவார்கள். முதலாவது, சாகக் கிடக்கும் வன்தட்டின் (ஹார்ட் டிஸ்க்) எஞ்சிய ஆயுளைத் தின்றுவிடும். இரண்டாவது, நன்றாக இருக்கும் வன்தட்டிலுள்ள கோப்புகளை அழித்துவிடும். கணினியின் மூடியை இதுவரை திறந்தே பார்க்காதவர்களை மனத்தில் வைத்து, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழியை இங்கே எழுதுகிறேன். ஒரு திருப்புளி, ஒரு பென் டிரைவ், கோப்புகளை மாற்றி வைக்க வேறொரு வன்தட்டு, இவற்றோடு கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்த வன்தட்டில் உள்ளவற்றுக்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா? இருந்தால், நிதானமாக எதை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். இல்லையென்றால், பழுதைக் கண்டுபிடிப்பது இரண்டாவது வேலைதான். படிக்க முடிகிற வரை படித்து நகலெடுத்துக்கொள்வதே முதல் வேலை. இதற்குக் காரணம் வன்தட்டின் உள்ளமைப்பில் இருக்கிறது. உள்ளே காந்தப் பூச்சு பூசிய வட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் ஹெட் என்னும் முனை, வட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அந்த முனை ஒருமுறை வட்டில் உரசத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு வன்தட்டு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எழுத்து இருக்கும் பூச்சையே சுரண்டிக்கொண்டிருக்கும். ஆகவே உள்ளே இருப்பது விலைமதிக்க முடியாதது, வன்தட்டும் விபரீதமாகச் சத்தமிடுகிறது என்றால், இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதியைச் செயல்படுத்த வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்புக் கூடத்தை நாடுங்கள்.

காது சொல்லும் செய்தி

கணினியை அணைத்து, சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றிய பிறகு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெட்டியின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பிறகு கம்பியை மாட்டி, கணினியை இயக்கி, வன்தட்டின் அருகே காதைக் கொண்டுபோங்கள்.

நலமாக உள்ள வன்தட்டு ஒரு மெல்லிய ரீங்காரத்தோடு சில நொடிகளில் வேகமெடுத்து, ஓரிரு முறை மெதுவாக டிக்கென்று ஒலித்து, அதன்பின் ஒரே சீராக ஓடும். அப்படி ஓடியும் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதுதான் இருப்பதிலேயே நல்ல செய்தி. பழுது பெரும்பாலும் கேபிளிலோ, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரலான பயாஸின் அமைப்பிலோ, வன்தட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் உள்நிரலிலோ (ஃபர்ம்வேர்) இருக்கும், வட்டுகளில் இருக்காது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீகேட் பாரகுடா 7200.11 வரிசையில் பல வன்தட்டுகள் இப்படித்தான் உள்நிரல் பிழையால் திடீரென்று கண்ணுக்குத் தெரியாமல் போயின. கோப்புகள் உள்ளே அப்படியே இருந்தன, நிறுவனமும் திருத்தம் வெளியிட்டது.

ஒரே தாளத்தில் கிளிக், கிளிக் என்று தட்டிவிட்டு, மோட்டார் நின்று, மறுபடி தொடங்கினால், முனை தன் இருப்பிடத்தைக் காட்டும் குறியீடுகளைப் படிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். முனை கெட்டிருக்கலாம், போதிய மின்சாரம் வராமலும் இருக்கலாம். சுழலும் ஒலியே இல்லாமல் சன்னமாகப் பீப் பீப் என்று முனகினால், மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது. எந்த ஒலியும் இல்லை, விரல் வைத்தால் அதிர்வும் இல்லை என்றால், மின்சாரம் வரவில்லை அல்லது அடியிலுள்ள மின்சுற்றுப் பலகை எரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் சொல்லக் கேட்ட மூன்று வைத்தியங்களை விலக்கிவிட வேண்டும். வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, மிதக்க வேண்டிய முனை நீர்த்துளியில் மோதும். மேசையில் தட்ட வேண்டாம். மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். முனை மிதக்கும் இடைவெளியை விட ஒரு தூசு பன்மடங்கு பெரியது. அதே மாடல் வன்தட்டு ஒன்றின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாட்டுவது ஒரு காலத்தில் பலித்ததுதான். பின்னாளில் வந்த பலகைகளில் அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவீடுகள் ஒரு சில்லில் பதிந்திருப்பதால், அதையும் பெயர்த்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் பயனில்லை. அது கைதேர்ந்தவர்களின் வேலை.

மின்சாரமும் கேபிளும்

வன்தட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் அதற்கு வெளியே உள்ளவற்றையெல்லாம் சந்தேகிக்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒருமுறை ஒரு வன்தட்டைச் செத்துவிட்டதென்று தூக்கி வைத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். இரண்டு வாரத்தில் புதியதும் அதேபோல் காணாமல் போனபோதுதான் கேபிளைத் தடவிப் பார்த்தேன். மடிப்பில் ஒரு கம்பி அறுந்திருந்தது.

பழைய வன்தட்டுகளுக்கு வரும் நான்கு கம்பி மோலெக்ஸ் இணைப்பில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவிலுள்ள இரு கறுப்புகளும் தரை. மூன்றரை அங்குல வன்தட்டில் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது, மின்சுற்று பெரிதும் 5 வோல்ட்டில் இயங்குகிறது. தொடங்கும் சில நொடிகளில்தான் மோட்டார் மிக அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால், வயதான பவர் சப்ளை அந்தத் தருணத்தில் துவண்டு, வன்தட்டு கிளிக் ஒலி எழுப்பும். முதலில் பவர் சப்ளையிலிருந்து வரும் வேறொரு இணைப்பை மாட்டிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், கணினி ஓடும்போது உபரியாகத் தொங்கும் இணைப்பு ஒன்றில் அளந்து பாருங்கள்: 11.4 முதல் 12.6 வரையிலும், 4.75 முதல் 5.25 வரையிலும் இருந்தால் சரி. மதர்போர்டில் உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ வன்தட்டைச் சோதிப்பதில் பொருளில்லை. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம்; மின்கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அடுத்தது தரவுக் கேபிள். அகலமான பட்டைக் கேபிள் என்றால் அது ஐடிஇ என்னும் பழைய இணைப்பு முறை; ஒல்லியான கேபிள் என்றால் அதன் பின் வந்த சாட்டா. முதலில் ஐடிஇ. அதில் 40 துளை இணைப்பான்கள் இருக்கும், ஆனால் கம்பிகள் 40 அல்லது 80 இருக்கலாம். வேகமான வன்தட்டுகளுக்கு 80 கம்பிக் கேபிளே வேண்டும். அந்த 80 கம்பிக் கேபிளில் நீல நிற முனை மதர்போர்டுக்கும், எதிர்க்கோடியிலுள்ள கறுப்பு முனை மாஸ்டர் எனப்படும் முதல் வன்தட்டுக்கும், நடுவிலுள்ள சாம்பல் நிற முனை ஸ்லேவ் எனப்படும் இரண்டாவதுக்கும் உரியவை. ஓரத்திலுள்ள சிவப்புக் கோடு முதலாம் பின் பக்கம் வர வேண்டும். அது பெரும்பாலும் மின்சார இணைப்பை ஒட்டிய பக்கமாகவே இருக்கும். கேபிளைக் கழற்றும்போது வன்தட்டின் பின்கள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஐடிஇயில் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது ஜம்பர். வன்தட்டின் பின்புறமுள்ள சிறு பின்களில் மாட்டியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான் அது மாஸ்டரா, ஸ்லேவா, கேபிளே முடிவு செய்யட்டும் என்று விடப்பட்டதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே கேபிளில் உள்ள வன்தட்டும் சிடி டிரைவும் இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். சில வன்தட்டுகளில் தனியாக இருக்கும்போது ஓர் அமைப்பும், ஸ்லேவோடு சேர்ந்திருக்கும்போது வேறோர் அமைப்பும் உண்டு. மேலே ஒட்டியிருக்கும் தாளில் படம் இருக்கும். சோதனைக்கு எளிய வழி, மற்ற அனைத்தையும் கழற்றிவிட்டு, வன்தட்டை மட்டும் கேபிளின் கோடியில் மாஸ்டராக மாட்டுவது.

சாட்டா கேபிளில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் பழைய சாட்டா கேபிள்களுக்குப் பூட்டும் கொக்கி கிடையாது என்பதால் அவை தாமாகவே நெகிழ்ந்துவிடும். வேறு கேபிள், மதர்போர்டில் வேறு சாக்கெட், இரண்டையும் மாற்றிப் பாருங்கள். சாட்டா வந்த புதிதில் செய்த சில மதர்போர்டுகள், பின்னாளில் வந்த வேகமான வன்தட்டுகளோடு பேசத் தெரியாமல் விழிக்கும். வன்தட்டில் வேகத்தை 1.5 கிகாபிட்டாகக் குறைக்கும் ஜம்பர் இருந்தால் அதைப் போட்டதும் தெரிய ஆரம்பித்துவிடும்.

பயாஸ் திரையில் பார்க்க வேண்டியவை

கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திரை வரும். அங்கே வன்தட்டின் மாடல் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெயரில் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால் கேபிளையோ வளைந்த பின்னையோ சந்தேகியுங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது.

அந்தச் சிறு பேட்டரியால் வரும் குழப்பம் பெரியது. அது தீர்ந்ததும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து ஆலை அமைப்புக்குத் திரும்பிவிடும். சாட்டா முறை, அதாவது கணினி சாட்டா வன்தட்டோடு பேசும் விதம், பழைய ஐடிஇ பாணியிலிருந்து புதிய ஏஎச்சிஐ பாணிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறிவிடலாம். அப்படி மாறினால் விண்டோஸ் எக்ஸ்பி, 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரையைக் காட்டும், அல்லது அதையும் காட்டாமல் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும். பார்ப்பவருக்கு வன்தட்டு போய்விட்டது போலவே தோன்றும். பேட்டரியை மாற்றி, சாட்டா முறையை முன்பிருந்தபடி வைத்தால் கணினி ஒன்றும் நடக்காதது போல் எழுந்து கொள்ளும்.

திரையில் வரும் செய்திகளையும் வேறுபடுத்திப் படிக்க வேண்டும். ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’, ‘நான் சிஸ்டம் டிஸ்க்’ போன்றவை, தொடங்கத்தக்க வன்தட்டு எதுவும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்கின்றன; மறந்துபோய் விட்டுவைத்த பென் டிரைவோ பிளாப்பியோகூட இதற்குக் காரணமாகலாம் என்பதால் முதலில் அவற்றை உருவுங்கள். ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’, ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று வந்தால், வன்தட்டின் முதல் பகுதியாவது படிக்கப்பட்டுவிட்டது, தொடக்கக் கோப்புதான் கிடைக்கவில்லை. ‘ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்’ என்று வந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம். வன்தட்டே தன் முடிவைச் சொல்கிறது.

கொள்ளளவு குறைத்துக் காட்டப்படுவது வேறு கதை. 500 ஜிபி வன்தட்டை விண்டோஸ் 465 என்று காட்டுவது பழுதல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு பெரிய வன்தட்டை மாட்டினாலும் சுமார் 137 ஜிபியோடு நின்றால், அது, வன்தட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் கொடுக்கும் எண்ணை 28 பிட்டுக்குள் அடக்கிய பழைய 28 பிட் முகவரியின் எல்லை. அதைத் தாண்ட பயாஸும் இயங்குதளமும் 48 பிட் முகவரியை அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது சர்வீஸ் பேக் 1இல்தான் வந்தது. இந்த எல்லையோடு விளையாட வேண்டாம்: 28 பிட் மட்டுமே அறிந்த இயங்குதளம் அதைத் தாண்டி எழுத முயன்றால், முன்பே எழுதப்பட்ட கோப்புகள் சிதையும்.

வன்தட்டின் சொந்த வாக்குமூலம்

1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த வன்தட்டுகள் தம் உடல்நிலையை ஸ்மார்ட் என்னும் பதிவேட்டில் தாமே குறித்துக்கொள்கின்றன. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸில் ஜி ஸ்மார்ட் கண்ட்ரோல் ஆகிய இலவச மென்பொருள்கள் அதைப் படித்துக் காட்டும். வன்தட்டை யூஎஸ்பி அடாப்டர் வழியே மாட்டினால் சில அடாப்டர்கள் இதைக் கடத்துவதில்லை, எனவே நேரடியாக மதர்போர்டில் மாட்டிப் படிப்பது நல்லது. பட்டியல் நீளமாக இருக்கும்; நான்கு எண்கள் போதும்.

5ஆம் எண் வரிசை, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டர்களின் (வட்டில் தகவல் பதியும் சிறு கட்டங்கள்) கணக்கு. 197, படிக்கச் சிரமப்பட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198, சோதனையில் படிக்கவே முடியாதவை. 199, கேபிள் வழியே வரும்போது சிதைந்துபோன தகவல்களின் கணக்கு. முதல் மூன்றிலும் சுத்தமாகப் பூஜ்யம் இருப்பதே இயல்பு. 5இல் சிறு எண் இருந்து மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் பதற வேண்டியதில்லை; வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த வன்தட்டுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 199 ஏறியிருந்தால் கேபிளை மாற்றுங்கள். அந்த எண் ஒருபோதும் இறங்காது என்பதால், இப்போதுள்ள மதிப்பைத் தாளில் குறித்து வைத்து, புதிய கேபிளோடு ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்களில் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அமைப்பில் சென்று பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மென்பொருள் பச்சை நிறத்தில் ‘நலம்’ என்று எழுதியிருப்பதை நான் முழுதாக நம்புவதில்லை. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மின்சுற்று எரிந்துபோகும் வன்தட்டுகள் உண்டு.

நகலெடுத்தல்

வன்தட்டு படிக்கக் கிடைக்கிறது என்று தெரிந்ததும், அதிலிருந்து விண்டோஸைத் தொடக்க வேண்டாம்; விண்டோஸ் ஓடும்போதே அதில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து தொடங்குங்கள், அல்லது வன்தட்டை வேறொரு கணினியில் இரண்டாவதாக மாட்டுங்கள். யூஎஸ்பி அடாப்டர் என்றால், மூன்றரை அங்குல வன்தட்டுக்குத் தனி மின்சாரம் தேவை. மாட்டியவுடன் ‘இதை ஃபார்மட் செய்யவா’ அல்லது ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

197இல் பூஜ்யம் இருந்தால் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தாலே போதும். ஆனால் முழு டிரைவையும் ஒரேயடியாக இழுக்காமல், இழந்தால் திரும்பக் கிடைக்காத படங்களையும் ஆவணங்களையும் முதலில் எடுங்கள். மறுபடி பதிவிறக்கிக்கொள்ளக்கூடியவை கடைசியில் வரட்டும். செக்டர்கள் கெட்டிருந்தால், லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ டிடி ரெஸ்க்யூ என்னும் கருவியே சரியானது. சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்று வன்தட்டைச் சோர்வடையச் செய்யும். இந்தக் கருவியோ எளிதில் படிக்கக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தி, வன்தட்டு ஆறிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பை மூன்றாவது ஓர் இடத்தில், பென் டிரைவிலாவது, சேமியுங்கள். நகல் விழும் வன்தட்டு மூலத்துக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். கட்டளையில் எது மூலம், எது நகல் என்பதை வன்தட்டின் வரிசை எண்ணைப் பார்த்து இரண்டு முறை சரிபாருங்கள். இவை இடம் மாறினால் வெற்று வன்தட்டு உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும், அதற்கு மருந்தில்லை. பல மணி நேரம் ஓடும் வேலை இது என்பதால் வன்தட்டின் மேல் ஒரு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு

இப்போதுதான் பழுது பார்ப்பது. விண்டோஸின் செக் டிஸ்க் கருவியை இதற்கு முன் ஓட்ட வேண்டாம் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதன் அக்கறை கோப்பு அட்டவணையை ஒழுங்காக்குவதில்தான். கணக்கில் பொருந்தாத கோப்பைத் துண்டுகளாக்கி ஒதுக்கிவிட அது தயங்காது. நகல் எடுத்த பிறகு, டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டூல்ஸ் பகுதிக்குச் சென்று, பிழைச் சோதனையைத் தொடங்கலாம்; கெட்ட செக்டர்களையும் தேடச் சொன்னால் பல மணி நேரம் பிடிக்கும்.

டிரைவ் முழுதும் காலியாகவோ, பகுக்கப்படாததாகவோ காட்டினால் டெஸ்ட் டிஸ்க் என்னும் இலவசக் கருவி தொலைந்த பார்ட்டிஷன் (வன்தட்டின் பகுதிப் பிரிவு) அட்டவணையைத் தேடித் தரும். அதனால் ஆகாதபோது அதன் துணைக் கருவியான ஃபோட்டோரெக், கோப்புகளின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு அவற்றைப் பொறுக்கியெடுக்கும்; பெயர்களும் அடைவுகளும் போய்விடும் என்பதால் ஆயிரக்கணக்கான பெயரில்லாக் கோப்புகளைக் கையால் பிரிக்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டையுமே நகலின் மேல் ஓட்டுங்கள், மீட்டவற்றை வேறொரு வன்தட்டில் சேமியுங்கள்.

கெட்டுப்போகாமல், ஆனால் நத்தைபோல் ஊரும் ஐடிஇ வன்தட்டு விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தால், ஒன்றைப் பாருங்கள். தகவல் பரிமாற்றத்தில் மொத்தம் ஆறு பிழைகள் நேர்ந்ததும் எக்ஸ்பி, டிஎம்ஏ என்னும் வேகமான பரிமாற்ற முறையைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் நொடிக்கு 16.6 எம்பிக்கு மேல் போகாத பிஐஓ என்னும் மெதுவான முறைக்குத் தள்ளிவிடும். காரணம் தீர்ந்த பின்னும் தானாக மீளாது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலின் அமைப்பில் பிஐஓ என்று இருந்தால், முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு அந்தச் சேனலை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து வேகத்தைத் திருப்பித் தரும்.

கெட்ட செக்டர்கள் கொண்ட வன்தட்டை மேலும் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: நகலெடுத்த பின் முழு வன்தட்டையும் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு ஸ்மார்ட் பதிவேட்டை மறுபடி பாருங்கள். 197 பூஜ்யமாகி, 5 ஏறாமல் இருந்தால், எழுதும் நேரத்தில் மின்சாரம் போனதால் அரைகுறையாக நின்ற செக்டர்களாக அவை இருந்திருக்கலாம். 5 ஏறினால் விடைகொடுங்கள். முதல் வகையைக்கூட நான் தற்காலிக வேலைகளுக்குத்தான் வைத்துக்கொள்வேன்.

மாற்றாக, சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கி, ஐடிஇ கணினியானால் சாட்டா மாற்றியோடு மாட்டலாம். எக்ஸ்பி நிறுவுவதாக இருந்தால் பார்ட்டிஷனை எக்ஸ்பியைக் கொண்டு உருவாக்காதீர்கள். அது 63ஆம் செக்டரில் தொடங்கும், 63 எட்டால் வகுபடாது, ஆகவே எட்டு செக்டர்கள் சேர்ந்த 4096 பைட் தொகுதிகளில் எழுதும் புதிய வன்தட்டுகளிலும் எஸ்எஸ்டிகளிலும் எழுதும் வேலை இரட்டிப்பாகும். விண்டோஸ் 7 அல்லது லினக்ஸ் கொண்டு 2048ஆம் செக்டரில் தொடங்குமாறு பார்ட்டிஷன் செய்துவிட்டு, அதன்மேல் எக்ஸ்பியை நிறுவுங்கள்.

பழைய வன்தட்டை உடனே கழித்துவிடாமல், மீட்ட கோப்புகளைத் திறந்து பார்த்து நிச்சயப்படுத்தும் வரை ஒரு மாதமாவது வைத்திருங்கள். பிறகு, அது ஓடினால் முழுதும் மேலெழுதி அழியுங்கள். விரைவு ஃபார்மட் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. ஓடாவிட்டால் மூடியின் நட்சத்திரத் திருகுகளைக் கழற்றி வட்டுகளைக் கீறிவிடலாம். மடிக்கணினியிலிருந்து எடுத்த இரண்டரை அங்குல வன்தட்டு என்றால் மட்டும் கண்ணுக்குக் காப்பு அணிந்துகொள்ளுங்கள். அவற்றின் வட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை, அழுத்தினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.